வாழைத்தார் கட்டிய வீடு

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில், நம் பண்ணைக்காட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எங்கள் தாத்தா மலைவாழை விற்றுக் கட்டியது.

முதலில் திண்ணை. குதிரை முதுகு உயரத்துக்கு இருக்கும். உட்காருவதற்கு அவ்வளவு உயரம் எதற்கு? காட்டிலிருந்து குதிரை சுமந்துவரும் தாரை, குனியாமல் அப்படியே திண்ணைக்கு மாற்றத்தான். அப்புறம் முன்கூடத்தில் ஆத்தங்குடிக் கல். நிலைவாசல் தாண்டினால் வெறும் சிமெண்டுத் தரை! வத்தலக்குண்டு மண்டிக்காரர் முன்கூடம் வரைக்கும்தானே வருவார். அதுவரை போதும் என்று தாத்தா கணக்குப் போட்டிருக்கிறார்.

நம் மலைவாழையான விருப்பாட்சிப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு, சீக்கிரம் கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதைத் தேடி வருவது அதனால்தான். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு வந்தபோது தோட்டம் எங்கே இருந்தது?

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் மாடிப்படியில் இருக்கிறது. பதினான்கு படி ஏறினால் மாடி இல்லை, தகரம்தான். படி கட்டி முடித்த சமயத்தில் முடிக்கொத்து நோய் வந்துவிட்டது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் தள்ளாது. பூச்சியை மட்டும் குறைசொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் தாத்தா நல்ல மனசோடு கன்று பெயர்த்துக் கொடுத்தார். நோய் கன்றுக்குள்ளேயே போனது. இப்படித்தான் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த வாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது.

காப்பியும் மிளகும் எங்களைக் காப்பாற்றின, சரி. ஆனால் அந்தக் காசில் யாரும் மாடி கட்டவில்லை. பேரன்மார் மதுரையில் மனை வாங்கினார்கள். நானும்தான்!

இப்போது நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வருகிறது. போன வருஷம் ஐம்பது வைத்தோம். வாரம் ஒருமுறை அத்தை ஒவ்வொன்றின் குருத்தையும் விரித்துப் பார்க்கிறார். கொத்து தெரிந்தால் கிழங்கோடு தோண்டி அழித்துவிட வேண்டும். பக்கத்துக்காட்டுக்காரர் கன்று கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், தாத்தாவின் மகள்!

கூட்டம் முடிந்ததும் வீட்டைப் பார்க்க வரலாம். படியில் மிளகு காய்கிறது, ஓரமாக ஏறுங்கள். தகரத்தில் தலை இடித்துக்கொள்ளாதீர்கள்.