கீமோ நடக்கும்போது டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வணக்கம் மக்களே. இன்று குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய், கீமோவில் ஏற்றுவது சிஸ்பிளாட்டின், ஜெம்சிடபின் என்று இரண்டு மருந்து. இந்தப் புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசை வரை இறங்கிவிட்டால், அறுவை சிகிச்சைக்கு முன்னால் பலருக்கும் இந்த ஜோடியைக் கொடுக்கிறார்கள். பொதுவாக 21 நாள் ஒரு சுற்று. முதல் நாள் இரண்டும், 8ஆம் நாள் ஜெம்சிடபின் மட்டும். சிறுநீர்ப்பைக்குள்ளேயே டியூப் வழியாக மருந்தை விட்டு அடக்கி வைத்திருக்கச் சொல்வது தசையைத் தொடாத கட்டிக்கு, அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் நம் வாய் தானாக "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடும், அதை வைத்து அவர் எதையும் மாற்ற முடியாது. குமட்டல் என்றால் எந்த நாளில் தொடங்கியது, எத்தனை முறை வாந்தி, தண்ணீராவது உள்ளே நின்றதா என்று சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் ஏற்றிய அன்று சும்மா இருந்துவிட்டு இரண்டாம் மூன்றாம் நாளில் ஆளைப் புரட்டிப் போடும், அதற்குக் கொடுக்கும் மாத்திரை வேறு. வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும், கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது காதும் விரலும். காதில் 'ங்' என்று இரைச்சல் கேட்பது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் மரத்துப்போவது, இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் செய்யும் வேலையாக இருக்கலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ டாக்டருக்கு வழி இருக்கிறது.

சிறுநீரகத்தையும் சிஸ்பிளாட்டின் தாக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவுதான் கிரியேட்டினின், அதனால் ஒவ்வொரு முறையும் "என் கிரியேட்டினின் எவ்வளவு, போன தடவையை விட ஏறியிருக்கிறதா?" என்று நான் கேட்டுவிடுவேன். உடம்பு வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அவையும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

காய்ச்சல் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் போன் போடுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியே உயிருக்கு உலை வைக்கும். அவர்களைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி போகாது. இரத்தம் கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான். ராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று முதல் ஊசிக்கு முன்பே நர்ஸிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நான் "நல்லா சாப்பிடுறேன் டாக்டர்" என்று ஆரம்பிப்பதற்குள் என் மனைவி "எங்க சாப்பிடுறார், ரெண்டு வாய் வெச்சுட்டு எழுந்திருச்சிடுறார்" என்று போட்டுக் கொடுத்துவிடுவாள். டாக்டர் எழுதிக்கொள்வது அதைத்தான்.

அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன் இருக்கிறது, அது முடிந்ததும் பேசுகிறேன்.