ஈர்க்குச்சியும் எஃகுத் தூணும்

வணக்கம் நேயர்களே. தென்னை ஈர்க்குச்சி ஒன்றை மேசைமேல் நிமிர்த்திப் பிடித்து, அதன் தலையை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நசுங்காது, வில்லாக வளைந்துவிடும். அதையே பாதியாக ஒடித்து அழுத்தினால் விரல் வலிக்கும் வரை தாங்கும். நீளம் பாதியானால் தாங்கும் திறன் நான்கு மடங்கு. கணித மேதை ஆய்லர் 1744-லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்.

ஒல்லியான எஃகுத் தூணுக்கும் இதே கதிதான். விலை கூடிய எஃகு போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. வளைய மறுக்கும் விறைப்பு எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பதிலாக, இரும்பைத் தூணின் நடுவிலிருந்து வெளியே தள்ளி வைக்க வேண்டும். அதனால்தான் அதே எடையுள்ள கம்பியைவிடக் குழாய் அதிகம் தாங்குகிறது. பெரிய தூண் என்றால், சேனல் எனப்படும் 'ப' வடிவ எஃகுச் சட்டங்கள் இரண்டை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே பட்டைகளைச் சாய்வாகக் குறுக்கே இணைப்போம். இதற்கு லேசிங் என்று பெயர்.

பார்த்தால் அலங்காரம் போல இருக்கும். ஆனால் தூணின் உயிர் அதில்தான் இருக்கிறது. அது தளர்ந்தால் ஒரு தூண் இரண்டு ஈர்க்குச்சியாகிவிடும்.

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் குவிபெக் பாலம் எழும்பிக்கொண்டிருந்தபோது நடந்தது இதுதான். பாலத்தின் இரு பெரிய தூண்களுக்கு இடையிலான தூரத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டினார்கள்; எடைக் கணக்கைத் திருத்தவில்லை. 1907 ஆகஸ்டில், அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்பு ஒன்றில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களில் இரண்டேகால் அங்குலமானது. தளப் பொறியாளர் ரயிலேறி, நியூயார்க்கில் இருந்த ஆலோசகர் கூப்பரிடம் ஓடினார். பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது பாலத்துக்குப் போகவில்லை, பாலத்தைக் கட்டிய நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. 29-ஆம் தேதி மாலை, வேலை முடிகிற நேரத்தில் பாலம் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் ககனவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடித் தொழிலாளர்கள். உறுப்பின் தகடுகளைப் பிணைத்த லேசிங் போதவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

இன்று எஃகுக் கட்டுமானத்துக்கான நம் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 800 விதிப்படி, தூண் சுமக்கும் பாரத்தில் 2.5 சதவீதத்தைப் பக்கவாட்டு விசையாக எடுத்து லேசிங்கை வடிவமைக்கிறோம். பட்டையின் சாய்வு 40 முதல் 70 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

தளத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது பட்டை முனைகளின் வெல்டிங்கைத்தான். அப்புறம் தூணின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் அளப்பேன். எண் கூடியிருந்தால், மேலே ஒரு கிலோகூட ஏற்ற விடமாட்டேன். நன்றி, வணக்கம்.