இரவு 11.30: ஜானி கார்சனிடம் அப்படி என்ன இருந்தது?

[திரை: டுநைட் ஷோ மேடை, பழைய பதிவு]

1965 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'தி டுநைட் ஷோ' என்ற இரவு நேர உரையாடல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. விருந்தினர், பாடகர் எட் ஏம்ஸ். 'டேனியல் பூன்' தொடரில் பழங்குடி வீரராக நடித்ததால் கைக்கோடாரி வீசப் பழகியிருந்தார். சரி, வீசிக் காட்டுங்கள் என்றார்கள். மரப்பலகையில் வரைந்திருந்த கௌபாய் உருவத்தை நோக்கி வீசினார். கோடாரி நேராகப் போய் அந்த உருவத்தின் இரண்டு தொடைகளுக்கும் நடுவில், கைப்பிடி மேல்நோக்கி நிற்க, குத்திக்கொண்டது.

அரங்கமே வெடித்துச் சிரிக்கிறது. ஏம்ஸ் கூச்சத்தோடு கோடாரியைப் பிடுங்கப் போகிறார். நிகழ்ச்சியை நடத்தும் ஜானி கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

[திரை: அந்தக் கை, மெதுவாக]

இந்தப் பிடியைக் கவனியுங்கள். மற்றவர்களாக இருந்தால் உடனே ஒரு ஜோக்கை எடுத்துவிட்டிருப்பார்கள். கார்சன் சிரிப்பை ஓடவிட்டார். அது தணியும் நேரம் பார்த்து, "நீங்க யூதர்னு எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். யூதர்களின் விருத்தசேதனச் சடங்கை வைத்துச் செய்த குறும்பு. அரங்கம் இரண்டாவது முறையாக வெடித்தது. என்னைக் கேட்டால், பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்ததுதான் கார்சனின் மொத்தத் திறமையும்.

[திரை: கறுப்பு வெள்ளைப் படங்கள்]

டுநைட் ஷோவை 1954-ல் தொடங்கியவர் ஸ்டீவ் ஆலன். அடுத்து ஜாக் பார். 1962 அக்டோபர் 1 அன்று கார்சன் வந்தார். 1992 மே 22 வரை அந்த நாற்காலி அவருடையது. முதலில் திரைச்சீலைக்கு முன்னால் நின்று அன்றைய செய்திகளை வைத்து நகைச்சுவைப் பேச்சு, அப்புறம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உரையாடல். பக்கத்து இருக்கையில் அறிவிப்பாளர் எட் மெக்மேன், வாத்தியக் குழுவோடு டாக் செவரின்சன்.

விருந்தினர்கள் உட்காரும் சோபாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய விருந்தினர் வந்ததும் பழையவர் எழுந்து போய்விட மாட்டார். திண்ணையில் இடம் விடுவதைப் போல நகர்ந்து உட்கார்ந்து, வந்தவரின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு வார்த்தை போடுவார். எழுதி வைக்காத பேச்சு அங்கேதான் பிறந்தது.

இளம் நகைச்சுவைக் கலைஞர்களுக்கோ அந்த சோபா ஒரு தீர்ப்பு. சில நிமிடம் மேடையில் நின்று பேசி முடித்ததும் எல்லார் கண்ணும் கார்சன் கையின் மேல்தான். "இங்கே வா" என்று அழைத்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். முதல் முறை வந்தபோதே அப்படி அழைக்கப்பட்ட முதல் பெண் நகைச்சுவைக் கலைஞர் எலன் டிஜெனரஸ், 1986-ல்.

[திரை: மேசை மேல் கரண்டிகள்]

கார்சன் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் வளர்ந்தவர். பள்ளி வயதிலேயே 'தி கிரேட் கார்சோனி' என்ற பெயரில் மேஜிக் செய்தவர். 1973-ல் யூரி கெல்லர், மனசக்தியால் கரண்டியை வளைப்பவர் என்று புகழ்பெற்றிருந்தவர், விருந்தினராக வந்தார். மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியிடம் ஆலோசனை கேட்டு, கெல்லர் தரப்பு யாரும் முன்கூட்டியே தொடாதபடி பொருட்களை கார்சன் குழுவே தயார் செய்து வைத்திருந்தது. கெல்லர் திணறினார். இன்று சக்தி சரியாக வரவில்லை என்றார். கார்சன் குரலை உயர்த்தவில்லை, கேலியும் செய்யவில்லை. மரியாதையாக, நிதானமாக, நேரம் கொடுத்துக்கொண்டே இருந்தார். எந்த வாதத்தையும் விட அந்த நேரம்தான் பார்ப்பவர்களுக்கு விஷயத்தைப் புரியவைத்தது.

எல்லாமே பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பல இரவுகள் நிகழ்ச்சியை நடத்தியவர் ஜோன் ரிவர்ஸ். 1986-ல் ஃபாக்ஸ் சேனலில் அவர் சொந்த நிகழ்ச்சி தொடங்கியதும், கார்சன் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். கடைசி வரை பேசவில்லை. அத்தனை பேரை உட்காரவைத்த மனிதர் இப்படிச் செய்தது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வருத்தம், அவருடைய முதல் பத்து வருடப் பதிவுகளில் பெரும்பகுதி இன்று கிடையாது. டேப்பை மறுபடி பயன்படுத்துவதற்காக என்பிசி அழித்துவிட்டது. கோடாரிக் காட்சி தப்பியது நம் அதிர்ஷ்டம்.

இப்போது இந்த நிகழ்ச்சிகளைப் பலரும் காலையில் போனில் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார்கள். துண்டு வெட்டும்போது முதலில் போவது மௌனம்தான். 2025 ஜூலையில், இதே பாணி இரவு நிகழ்ச்சியான 'தி லேட் ஷோ'வை 2026 மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக சிபிஎஸ் தொலைக்காட்சி அறிவித்தது. 1993-ல் அதைத் தொடங்கி வைத்தவர் டேவிட் லெட்டர்மேன்; கார்சனைக் குருவாக நினைத்தவர்.

[திரை: லெட்டர்மேன் மேடை, 2005]

2005 ஜனவரி 23 அன்று கார்சன் காலமானார். அடுத்த வாரம் லெட்டர்மேன் வழக்கம்போல மேடைக்கு வந்து ஜோக்குகள் சொன்னார், அரங்கம் சிரித்தது. அப்புறம்தான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்: அன்று சொன்ன அத்தனை ஜோக்கும் கார்சன் எழுதியவை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியும், அன்றாடச் செய்திகளை வைத்து ஜோக் எழுதி லெட்டர்மேனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.