காற்றடிக்கும் துறையில் படகை அணைத்தல்

நேயர்களுக்கு வணக்கம். கழிமுகம், காயல், கரையை ஒட்டிய கால்வாய் என அலைக்கு ஒதுக்கமான நீர்வழிகளில் படகு செலுத்துகிறவர்கள், திறந்த கடலைக் கடந்துவிட்ட நிம்மதியில் காற்றை மறந்துவிடுவதுண்டு. தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். படகு வேகம் குறைந்து ஊரும்போதுதான் காற்றின் கை ஓங்குகிறது என்பதால், துறையை அணையும் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

அதற்கு முன் வழியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறும்போது நிலம் நீரைவிட விரைவாகச் சூடாவதால், கடற்காற்று பிற்பகலில் வலுக்கும். விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் துறை சேருமாறு தொலைவைத் திட்டமிடுவது நல்லது. கழிமுகத்தில் வற்றுநீர் கடலை நோக்கி ஓடும்போது எதிரே கடற்காற்று வீசினால், அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். நீரோட்டம் திரும்பும்வரை காத்திருப்பதே அங்கு சரியான முடிவு.

மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசிய காற்று 20 ஆகும்போது, படகின் பக்கத்தில் அது தரும் அழுத்தம் 4 மடங்காகிறது. சுக்கானோ, தன்மீது நீர் பாய்ந்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலான விசைப்படகுகளில் அணியம், அதாவது படகின் முன்பகுதி, உயர்ந்தும், நீருக்குள் ஆழம் குறைந்தும் இருப்பதால், காற்று முதலில் அணியத்தையே தள்ளிக்கொண்டு போகும். எனவே துறைக்கு வெளியிலேயே சற்று நின்று, கொடிகள் பறக்கும் திசையையும் நங்கூரமிட்ட படகுகள் திரும்பி நிற்கும் விதத்தையும் பார்த்து, படகு துறையில் உரசாமல் காக்கும் அணைகாப்புகளையும் கயிறுகளையும் ஆயத்தமாக்கிய பிறகே உள்ளே நுழைய வேண்டும்.

காற்று துறையை நோக்கி வீசினால், துறைக்கு இணையாக ஒரு படகின் அகலம் தள்ளி, அணியத்தைச் சற்றே காற்றுப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். மீதியைக் காற்றே செய்துவிடும். துறையிலிருந்து வெளியே வீசும் காற்றுதான் கடினமானது. அப்போது சாய்வான கோணத்தில் அணுகி, படகின் நடுப்பகுதியில் கட்டிய கயிற்றை, பின்புறமாகச் சாய்ந்து செல்லும்படி துறைக் கட்டையில் முதலில் மாட்ட வேண்டும். பிறகு சுக்கானைத் துறைக்கு எதிர்ப்புறம் திருப்பி, இஞ்சினை மெதுவாக முன்னோக்கி இயக்கினால், அந்த ஒரே கயிற்றின் பிடியில் படகு முழுவதும் துறையோடு ஒட்டி நிற்கும். படகோட்டுகிறவர் எவரும் முதலில் பழக வேண்டியது இந்தக் கயிற்றையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இதை அறியாத நாளில், அணியக் கயிற்றை முதலில் கட்டச் சொன்னேன். காற்று பின்புறத்தை வெளியே சுழற்ற, படகு துறைக்குக் குறுக்காகத் திரும்பியது. முட்டுவதைத் தடுக்க ஒருவர் இடையில் காலை நீட்டினார். மயிரிழையில் அவர் தப்பியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பல டன் எடையை எவருடைய காலும் நிறுத்தாது. அணுகுமுறை தவறுவது போலத் தோன்றினால், இடம் இருக்கும்போதே விலகிச் சென்று மீண்டும் சுற்றி வாருங்கள்.

அணியத்திலும் பின்புறத்திலும் கயிறுகள் இறுகும்வரை இஞ்சினை நிறுத்த வேண்டாம். துறை நிலையானதாக இருந்து நீர்மட்டம் ஓதத்தால் ஏறி இறங்குமானால், நீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்காதபடி, அந்த இறக்கத்துக்கு ஏற்ற தளர்வை அப்போதே விட்டுவிடுங்கள்.