‘காடு’ (1952): யானை ஏன் ஊருக்குள் வந்தது?

[காட்சி: பழுப்பு நிறத் திரை. மரங்களை முறித்துக்கொண்டு யானைகள் ஓடுகின்றன.]

யானைகள் திடீரென்று மிரண்டு ஊருக்குள் இறங்கி, எதிர்ப்பட்டதையெல்லாம் மிதித்துத் தள்ளுகின்றன. காட்டுக்குள் என்ன நடந்தது? ஏன் இப்படி? 1952-இல் வந்த ‘தி ஜங்கிள்’ படத்தின் கதை இந்தக் கேள்விதான். தமிழில் அதற்குப் பெயர் ‘காடு’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த படம், இயக்கம் வில்லியம் பெர்க்.

எனக்கு இதில் எதிர்பார்ப்பு அதிகம். இரண்டு வருஷம் முன்புதான் அதே ஸ்டூடியோவிலிருந்து ‘மந்திரி குமாரி’ வந்திருந்தது. அதை டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்கு இந்தப் படத்தின் தயாரிப்பிலும் பங்கு உண்டு. நம்பியார் நடித்திருக்கிறார். நிஜ யானைகள் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

[காட்சி: வரிசையாக நடந்துபோகும் ஆட்கள்.]

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க இளவரசி மாரி ஒரு குழுவோடு காட்டுக்குள் போகிறார். அந்த வேடத்தில் மேரி வின்ட்சர். கூடவே ராட் கேமரன், அமெரிக்க வேட்டைக்காரர். அப்புறம் ராமா சிங்காக சீசர் ரொமேரோ, பின்னாளில் டிவி ‘பேட்மேன்’ தொடரில் ஜோக்கராக வந்தாரே, அவர்தான். முன்பு போன குழுவில் அந்த அமெரிக்க வேட்டைக்காரர் மட்டும் உயிரோடு திரும்பியவர். கோழை என்ற பழி அவர் மேல் இருக்கிறது. நல்ல முடிச்சு இது. ஆனால் படம் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நடக்கிறார்கள், விலங்குகளைக் காட்டுகிறார்கள், நடனம் வருகிறது, மறுபடியும் நடக்கிறார்கள். மொத்தமே ஒன்றேகால் மணி நேரப் படம், அதிலும் பெரும்பகுதி இப்படியே போய்விடுகிறது.

[காட்சி: ரோமம் போர்த்திய யானை. படம் அப்படியே நிற்கிறது.]

கடைசியில் காரணம் தெரிகிறது. மாமூத்! ஆதிகாலத்தில் யானை மாதிரியே இருந்த, ரோமம் அடர்ந்த மாமூத்கள் நம் காட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றுக்குப் பயந்துதான் யானைகள் ஓடிவருகின்றன என்கிறது படம். திரையில் நிற்பது ரோமம் போர்த்திய நம் ஊர் யானை.

வேஷம் சரியில்லை என்பது என் குறை இல்லை. அந்தக் காலத்தில் வேறு வழியும் கிடையாது. சொல்லப்போனால், இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் மாமூத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் ஆசிய யானைதான். ஆப்பிரிக்க யானைகூட ஒரு படி தள்ளித்தான். ஆனால் ரோம மாமூத் பனி நாட்டு விலங்கு. சைபீரியாவின் உறைந்த மண்ணில் தோலும் முடியுமாக அதன் உடல்கள் கிடைத்திருக்கின்றன. ஆர்க்டிக்கில் உள்ள ராங்கல் தீவில் கடைசிக் கூட்டம் அழிந்தே சுமார் 4,000 வருஷம் ஆகிறது. உடம்புச் சூடு வீணாகாமல் இருக்கத்தான் அதற்குச் சின்னக் காது, குட்டை வால். நம் யானையின் பெரிய காது சூட்டை வெளியேற்றுவதற்கு. அப்படியொரு விலங்கைத் தென்னிந்திய வெயிலில் கொண்டுவந்து நிறுத்தும்போது, படம் தான் கேட்ட நல்ல கேள்வியைத் தானே கைவிட்டுவிடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

[காட்சி: வரைபடம். பெங்களூர், பன்னர்கட்டா, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை.]

நிஜமான பதில் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே பெங்களூரின் தெற்கு விளிம்பில் பன்னர்கட்டா தேசியப் பூங்கா. மழைக்காலம் முடிந்து ராகி கதிர் பிடிக்கும் சமயத்தில், வருஷா வருஷம் அங்கிருந்து யானைகள் எல்லை தாண்டி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வருகின்றன. ஓசூரில் சொந்தக்காரர்கள் உள்ள பெங்களூர்த் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். காட்டுப் புல் முற்றிவிட்டால் அதில் புரதம் குறைந்துபோகும். வயலில் நிற்கும் பயிரில் புரதமும் சோடியமும் கால்சியமும் கூடுதல். காட்டில் நாள் முழுக்க அலைந்து தின்பதை வயலில் கொஞ்ச நேரத்தில் தின்றுவிடலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் 1980-களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வயலுக்கு அதிகம் வருவது வளர்ந்த ஆண் யானைகள். நன்றாகத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் மற்ற ஆண்களோடு மோதி நிற்க முடியும், பெண் யானையோடு இணைய முடியும். அதற்காக அவை ஆபத்துக்குத் துணிகின்றன. குட்டியை வைத்திருக்கும் பெண் யானை அவ்வளவு துணியாது.

[காட்சி: ராகி வயல், நடுவில் பரண். காட்டோரத்தில் தண்டவாள வேலி.]

இந்தப் பக்கம் விவசாயி. அறுத்த கதிர் களத்துக்கு வந்து சேரும்வரை ராத்திரியில் தூக்கம் கிடையாது. பரண் மேல் உட்கார்ந்து டார்ச் அடிக்கவேண்டும், டின் தட்டவேண்டும், பட்டாசு வெடிக்கவேண்டும். ஒரு நாள் கண் அசந்தால் அந்த வருஷத்து ராகி போச்சு. கர்நாடகப் பக்கம் சில இடங்களில் பழைய ரயில் தண்டவாளங்களை நட்டே வேலி போட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் ஒரு கதைக்குப் போதாதா? யானைக்கும் நியாயம் இருக்கிறது, விவசாயிக்கும் இருக்கிறது, இரண்டு பக்கமும் உயிர் போகிறது. ‘காடு’ படத்திலோ ஊர்க்காரர்களுக்கு முகமே இல்லை. கதை முழுக்க இளவரசி, வேட்டைக்காரர், ராமா சிங் இவர்களோடு முடிந்துவிடுகிறது. சேலத்துக்காரர்களுக்குத் தேன்கனிக்கோட்டை ஒன்றும் தூரமில்லை. பரணில் காவலிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருந்தால், நம்பியாருக்கே நல்ல வேஷம் ஒன்று எழுதியிருக்கலாம்: யானையைத் திட்டிக்கொண்டே, அடுத்த வருஷமும் அதே வயலில் ராகி விதைக்கிற ஒரு காட்டோர விவசாயி.