நெஞ்சு நீரில் புற்றுக்கலத்தைத் தேடுவது

வணக்கம் நேயர்களே. நெஞ்சில் கட்டிய நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று டொக்டர் சொன்னால், வீட்டார் கேட்பது ஒன்றுதான்: கேன்சரா? அந்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பதில் சொல்கிற வேலை எங்களுடையது. பதில் எப்போதும் உடனே வந்துவிடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நெஞ்சறையையும் வயிற்றறையையும் உட்புறமாக ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதிலுள்ளவை மீசோதீலியல் கலங்கள். சும்மா இருக்கும்வரை சாதுவானவை. இருதயம் பலவீனமாகியோ ஈரல் சுருங்கியோ நீர் தேங்கிவிட்டால் இவை கிளர்ந்தெழும். கரு பெருக்கும், ஒரே கலத்தில் இரண்டு மூன்று கருக்கள் தெரியும், கருவுக்குள் இருக்கும் புன்கரு துருத்தும், கலப்பிரிவுகூட நடக்கும். புற்றுநோயின் அடையாளங்களாகப் படித்தவை எல்லாம் புற்றுநோயே இல்லாத ஒருவரின் நீரில் இருக்கும்!

ஆகவே நாங்கள் தனிக்கலத்தை நம்புவதில்லை, கூட்டத்தைப் பார்க்கிறோம். கிளர்ந்த மீசோதீலியல் கலங்கள் குடும்பப் படம் மாதிரி: சின்னது, நடுத்தரம், பெரியது என்று சாயல் தொடர்ந்து வரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கு நடுவே சன்னமான ஓர் இடைவெளி தெரியும். வேறிடத்துப் புற்றுநோய் வந்து இறங்கியிருந்தால் அந்தச் சாயலில் சேராத இன்னொரு கூட்டம் தனியாக நிற்கும். அவை பெரும்பாலும் விளிம்பு வழுவழுத்த உருண்டைகளாகத் திரண்டிருக்கும். சிலவற்றில் சளி நிறைந்த குமிழி கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும்.

இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் நீரின் அடிமண்டியை மெழுகுக்கட்டியாக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி, எதிர்ப்புரதச் சாயம் ஏற்றுவோம். அது தான் தேடும் புரதம் இருக்கும் கலத்தில் மட்டும் ஒட்டி நிறம் காட்டும். கால்ரெட்டினின் என்ற புரதம் தெரிந்தால் அது மீசோதீலியல் பக்கம் சாட்சி சொல்லும். கிளாடின்-4 என்ற புரதம் வந்திறங்கிய புற்றுக்கலத்தின் பக்கம். ஒரு சாயத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத மாட்டோம். மீசோதீலியல் கலத்திலேயே புற்றுநோய் தொடங்கியிருந்தால்தான் பெரிய தலையிடி. அங்கே அந்நியக் கூட்டம் என்று ஒன்று இல்லை. பாப்-1 என்ற புரதம் கருவிலிருந்து காணாமல் போயிருந்தால் அது வலுவான தடயம். இருந்தால், புற்றுநோய் இல்லை என்று அர்த்தமாகாது.

சரி, வீட்டார் என்ன செய்யலாம்? வெள்ளவத்தையில் எடுத்த போத்தலைக் காலி வீதி நெரிசலில் வெயில் படக் காரில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. ஐம்பது மில்லிலீற்றருக்குக் குறையாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது. முதல் மாதிரியில் எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். புற்றுநோயால் கட்டிய நீரிலும் முதல் தடவையில் அது பிடிபடுவது ஏறக்குறைய 60 சதவீதம்தான். டொக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

அப்புறம், படிவம். பல நேரம் 'நெஞ்சு நீர்' என்று இரண்டே சொல்லோடு வந்து சேரும். நாலு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்ததென்றால் எந்தச் சாயத்தை முதலில் ஏற்றுவது என்பதே மாறிவிடும். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ கொடுத்த பழைய ரிப்போட் வீட்டு அலுமாரியில் கிடக்கும். அதில் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துப் போத்தலோடு அனுப்பிவிடுங்கள்.