அந்தப் பேரன் காட்டிய போஸ்டர்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

"சிறு வணிகர் எல்லா இன மக்களையும் சென்றடைய முதலில் மாற்ற வேண்டியது விளம்பரத்தையா, வியாபாரத்தையா?" இதுதான் இன்றைய தலைப்பு. வியாபாரத்தையே என்று பேச வந்திருக்கிறேன். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிப் புளோக் ஒன்றின் கீழே சின்னதாக ஒரு கேக் கடை நடத்துகிறேன். அதனால் நான் சொல்லப்போவதில் படித்தது கொஞ்சம், பட்டது அதிகம்.

எதிரணித் தலைவர் ஐயா அழகாக ஒன்று சொன்னார். "முகம் தெரிந்தால்தான் கால் உள்ளே வரும்" என்றார். சுவரில் மலாய் முகம் இருந்தால் மலாய்க்காரர் வருவார், தமிழ் முகம் இருந்தால் தமிழர் வருவார் என்பது அவர் கணக்கு. ஐயா, இதே கணக்கை நானும் போட்டவள்தான். கடை திறந்த முதல் வருடம் 280 வெள்ளி கொடுத்து ஒரு பெரிய போஸ்டர் அடித்தேன். சியோங்சாம் எனும் சீன உடை போட்ட ஒரு பெண், தூடோங் எனும் தலைத்துணி அணிந்த ஒரு மலாய்ப் பெண், சேலையில் ஒரு பெண், யூரேசியத் தோற்றத்தில் ஒரு பெண். நால்வர் கையிலும் கேக். இணையத்தில் விலைக்கு வாங்கிய படம். மேலே நான்கு மொழியிலும் 'அனைவரும் வருக'.

மேல்மாடியிலிருந்து ஒரு மக்சிக், அதாவது ஒரு மலாய்ப் பாட்டியம்மா, தினமும் காலையில் பேரனைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு கடை வழியாகப் போவார். போஸ்டர் வைத்த அன்று நின்றார். உள்ளே வந்து, "ஹலாலா?" என்று கேட்டார். நான் பெருமையாக, "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை மக்சிக்" என்றேன். 'நோ போர்க், நோ லார்ட்' என்று எத்தனையோ கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதே பதில்தான். அவர் சிரித்தார். "தக் அபா லா", பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் வாங்கினார். அந்தப் பையன் விடவில்லை. சுவரில் இருந்த தூடோங் பெண்ணைக் கை நீட்டிக் காட்டி, "அந்த அக்கா சாப்பிடுகிறாரே பாட்டி" என்றான்.

அவன் கேட்டதில் என்ன தப்பு? சாப்பிட முடியாத ஒன்றை அவனைப் போன்ற ஒருவர் கையில் கொடுத்துச் சுவரில் நிறுத்தியவள் நான். அன்று மாலையே போஸ்டரைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு வேலையே தொடங்கியது. சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழை 1978 முதல் முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கி வருகிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அடுப்படியை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது, "கொழுப்பு இல்லை" என்று நான் சொன்னது எவ்வளவு அரைகுறையான பதில் என்று. ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது? தெரியாது. மார்ஜரினில் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் எமல்சிஃபையர் விலங்கிலிருந்தா, தாவரத்திலிருந்தா? தெரியாது. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் ஊற்றிய அதே கிண்ணத்தில்தான் மற்ற மாவையும் கலக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு தூரிகை. பன் மேலே பால் தடவுகிற சின்னத் தூரிகை. அதன் முடி பன்றி மயிர். பேக்கரிச் சாமான் விற்கும் இடங்களில் சர்வசாதாரணமாகக் கிடைப்பதுதான். கடை திறந்த நாளிலிருந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு "எங்கள் கடையில் பன்றி இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. எங்கள் அடுப்படியில் அதைக் கேட்பதற்கு ஒரு ஆளும் இல்லை.

நடுவர் அவர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலையில் இந்த ஊரில் மின்னிலக்கமுறையில் பணம் கட்டச் சொல்லும் ஒரு விளம்பரம் வந்தது. ஒரே சீன நடிகருக்கு நான்கு வேடம். ஒன்றில் தூடோங் அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்றில், தோலுக்குக் கறுப்பு ஏற்றிய இந்தியர், சட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை. ஊரே கொதித்தது. விளம்பரத்தை எடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். எதிரணி நண்பர்கள் இதை "விளம்பரம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்" என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். நான் இதையே எங்கள் பக்கச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அந்த விளம்பரம் யாரையும் ஒதுக்க எடுத்ததல்ல. அந்தக் கட்டணமுறை எல்லாருக்கும் உரியது என்று சொல்லத்தான் எடுத்தார்கள். எல்லா இனமும் அதில் இருந்தது, எல்லாம் ஒரே ஆளின் முகத்தில். எழுதியதிலிருந்து திரைக்கு வந்த நாள்வரை அது எத்தனை கைகளைத் தாண்டியிருக்கும்! "முத்துசாமி வேண்டும் என்றால் ஒரு முத்துசாமியையே கூப்பிடலாமே" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் சொல் எடுபடுகிறது என்பதெல்லாம் விளம்பரத்தின் விஷயமா, வியாபாரத்தின் விஷயமா?

தமிழுக்கு நேர்வதும் இதுதான். தீபாவளி மாதம் வந்தால் கடைத்தொகுதிகளில் நம் எழுத்து ஏறும். ஏறும்போதே உடைந்து ஏறும். 'கொ' என்று எழுதினால், முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எழுத்து அநாதையாக நிற்கும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அப்படித்தான் சிதறும். தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சிதறியிருக்கிறது என்று தெரிவதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் வேண்டும். சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இவ்வளவு குறைந்துகொண்டு வரும் மொழியை உடைத்து வைத்து 'வாழ்த்துகள்' என்றால் எனக்கு மனசு வலிக்கிறது. என் மகள் அதைப் பார்த்து, "அம்மா, இதை எப்படி வாசிப்பது?" என்று கேட்கிறாள்.

எதிரணியில் பேசிய தங்கை உருக்கமாகக் கேட்டார்: "கறுத்த நிறமுள்ள நம் பிள்ளை, பேருந்து நிறுத்தத்தில் தன்னைப் போன்ற ஒரு முகத்தைப் பார்க்க வேண்டாமா?" வேண்டும் தங்கை. கட்டாயம் வேண்டும். இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கடைக்குள் போகிறாள் அல்லவா, அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் என் பேச்சு. மணப்பெண் ஒப்பனை செய்யும் என் தோழிகளைக் கேளுங்கள். நம் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் கிடைக்காமல் இரண்டு மூன்றைக் குழைத்துப் பூசிய காலத்தைச் சொல்வார்கள். 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒப்பனைப் பொருள்கள் 40 ஃபவுண்டேஷன் நிறங்களோடு வந்தன. உலகம் அதைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் விளம்பரத்தில் வந்த பெண்கள் மட்டுமா? அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புட்டி அலமாரியில் இருந்தது. இன்னொரு பக்கம், 1975 முதல் இந்தியாவில் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகுக் கிரீம் 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது சரி, உள்ளே இருப்பது மாறியதா என்று அப்போதே பலர் கேட்டார்கள். மக்கள் புட்டியைத் திறந்து பார்ப்பார்கள் நண்பர்களே.

"பெரிய நிறுவனத்துக்குச் சரி, சின்ன முதலாளி எங்கே போவான்? கடையை மாற்றப் பணம் இல்லை, போஸ்டர்தான் மலிவு" என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. வாடகை, ஆள் சம்பளம், மாவு விலை எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு மிக மலிவாக முடிந்தது எது தெரியுமா? புரட்டாசி மாதத்துக்காக முட்டையில்லாத கேக். தனித் தட்டு, தனிக் கரண்டி, தயிரும் கொஞ்சம் வினிகரும். நம் ஆட்கள் நாலு பேர் வாங்கினால் போதும் என்றுதான் தொடங்கினேன். இரண்டாவது மாதம் பார்த்தால், சீன ஆண்ட்டிகள் வருகிறார்கள். ஏன் என்று புரியவில்லை, கேட்டேன். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்கள் வீட்டில் சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை. பெருமாளுக்கு விரதம் இருப்பவருக்குச் செய்த கேக், சீனரின் கருணைத் தெய்வமான குவான் இன்னுக்கு விரதம் இருப்பவர் வீட்டு மேசைக்குப் போனது. எந்தப் போஸ்டரிலும் இதை நான் எழுதவில்லை. அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இப்போது அந்த இரண்டு நாளும் என் நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கின்றன.

ஹலால் வேலை மலிவாக முடியவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பல மாதம் ஆனது, பாத்திரங்களை மாற்றினேன், ரம் கேக்கை விட்டேன். அதை விரும்பிய சில வாடிக்கையாளர்களும் போனார்கள். ஆனால் அந்த நேரத்தில் வேலைக்குச் சேர்ந்த மலாய்ச் சகோதரி முதல் நோன்பு மாதத்திலேயே ஒன்று சொன்னார்: "அக்கா, ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினால் யார் வருவார்கள்? நோன்பு திறந்து, இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்துதான் எல்லாரும் வெளியே வருவார்கள்." அந்த மாதம் மட்டும் இரவு பத்தரை வரை திறக்கிறோம். நேரப் பலகையில் ஒரு எண் மாறியது, அவ்வளவுதான். எத்தனை விளம்பர ஆலோசகர்களைக் கேட்டிருந்தாலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

முதியவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2030க்குள் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். விளம்பரத்தில் நரைத்த தலையோடு சிரிக்கும் தாத்தாவைப் போடுகிறோம். அதே தாத்தா கடைக்கு வந்தால், கைப்பேசியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்கிறோம். பெரிய எழுத்தில் ஒரு விலைப்பட்டியல், உட்கார ஒரு நாற்காலி, காசு வாங்கும் ஒரு கை. போஸ்டர் விலைகூட ஆகாது.

எதிரணியினர் கடைசியாகக் கேட்டது, "அப்படியானால் விளம்பரமே வேண்டாமா?" என்று. வேண்டும். கடைக்குள் வருகிறவர்களின் படத்தையே கேட்டு வாங்கிப் போடலாம் என்று போன மாதம் தொடங்கினேன். முதலில் அந்த மக்சிக்கிடம்தான் போனேன். பேரன் இப்போது தோளுயரம் வளர்ந்துவிட்டான், ஹரிராயா பெருநாள் கேக்கை அவன்தான் தேர்ந்தெடுக்கிறான். "உங்கள் படத்தைச் சுவரில் வைக்கலாமா?" என்று கேட்டேன். என் கன்னத்தைத் தொட்டு, "படம் எதற்கு? என் புளோக்கில் எல்லாருக்கும் நானே சொல்லிவிட்டேன்" என்றார்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.